பங்களாப் பெட்டியில் அடித்த வெயில்

மழை பெய்ததா இல்லையா என்று நனைந்தவளிடம் கேட்பார்கள். இல்லாவிட்டால் வானத்தை அண்ணாந்து பார்ப்பார்கள். டிவிப் பெட்டியிடம் போய்க் கேட்கிற கூத்தை வீரம்மா தன் நாற்பத்தாறு வயதில் அந்தத் தை மாதம்தான் பார்த்தாள். பார்த்ததோடு போயிருந்தால் தொலைகிறது என்று விட்டிருப்பாள். அந்தக் கூத்தில் அவள் வேலையும், தோட்டம் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவுமே பறிபோக இருந்தன.

ராகலைக்கு மேலே, ஒரு முகட்டின் இரண்டு பக்கமும் கிடக்கிறது அந்தத் தேயிலைத் தோட்டத்தின் மேல்டிவிசன். லயங்களும் சின்னத்துரையின் பங்களாவும் நுவரெலியாவைப் பார்த்த பக்கம். ஏழாம் நம்பர் மலை வலப்பனையைப் பார்த்த பக்கம். தை மாதத்தில் அந்தப் பக்கம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டும். இந்தப் பக்கம் கொடியில் போட்ட சேலை காய்ந்து மொறுமொறுக்கும். மேல்டிவிசனில் நடை பழகுகிற பிள்ளைக்குக்கூடத் தெரிந்த சங்கதி இது. இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுப் பொங்கலுக்கு முந்திய மாதம், பெரிய துரைக்கு உதவி மேனேஜராக வந்திறங்கிய சின்னத்துரைக்கு மட்டும் தெரியவில்லை. தெரியாதது குற்றமில்லை. கேட்டிருக்கலாம் இல்லையா? அவர் கேட்கவில்லை. அவரிடம் பெட்டி இருந்தது.

இருபத்தாறு வயது, கொழும்புப் பையன், தமிழ் அரைகுறை. வரும்போதே டிவியில் மாட்டி விளையாடுகிற வெள்ளைப் பெட்டி ஒன்றைத் துணிக்குள் சுற்றி, மடியில் வைத்துக் கொண்டுவந்தார். பங்களாவில் சமைக்கிற சோலைமலை லயத்துக்கு வந்து கதை கதையாகச் சொன்னான். “வெறும் விளையாட்டுப் பொட்டினு நெனைக்காதீங்க. டெலிபோன் கம்பி வழியா இன்டர்நெட் குடுத்திருக்காரு. அதுல பேப்பர் படிக்கிறாரு, சிநேகிதக்காரங்களுக்குக் கடுதாசி போடுறாரு, போட்டோ பாக்குறாரு. நாளைக்கு மழையா வெயிலானுகூட அது சொல்லிப்புடும்!”

“அதையும் சொல்லிட்டா அப்புறம் தொரை எதுக்கு? பொட்டியையே காலையில பெரட்டுக்கு ஆள் பிரிக்க அனுப்பிற வேண்டியதுதானே?” என்றாள் வீரம்மா. எல்லாரும் சிரித்தார்கள். அந்த வாரம் சிரிக்க முடிந்தது.

தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பெண்களை ஏழாம் நம்பர் மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பினார்கள். பத்து மணிக்கு மழை பிடித்தது. சாதாரண மழையா அது! காற்றும் இடியுமாக, எதிரில் நிற்கிறவள் முகம் தெரியாத மழை. படங்குச் சீலையை இடுப்பில் கட்டி, தலையில் ரப்பர் சீட்டைப் போட்டுக்கொண்டு விறைத்த விரலால் பறித்தார்கள். அட்டை கடித்து வீரம்மாவின் கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது. சாயங்காலம் கொழுந்து நிறுத்தபோது அவளுக்குப் பதினொரு கிலோ இருந்தது. கணக்கப்பிள்ளை செல்லசாமி கூடைக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டு, “ஈரக் கொழுந்து, தண்ணிக்கு ரெண்டு கிலோ கழிவு,” என்று ஒன்பது என எழுதினான். பன்னிரண்டு பேருக்கும் அப்படியே கழித்தான். அது வழக்கம்தான். யாரும் வாய் திறக்கவில்லை.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் வேலை. பதினாறு கிலோ எடுத்தால் முழுப் பேர், குறைந்தால் அரைப் பேர். மழை நாளில் மட்டும், குறைந்தாலும் முழுப் பேர் போட்டுவிடுவார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து வந்த வழக்கம் அது. மழையில் நனைந்தவளுக்கு அந்த மரியாதையாவது இருந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில் எண்பது பேர் வரிசையாக நிற்கும்போது சின்னத்துரை வந்தார். ஸ்வெட்டர், காது மூடிய தொப்பி, கையில் ஒரு தாள்.

“நேத்து ஏழாம் நம்பர் பன்னெண்டு பேரும் அரைப் பேர்,” என்றார்.

வீரம்மாவுக்குக் காதில் விழுந்தது புரியவே ஒரு நிமிடம் பிடித்தது. “என்னங்க தொரை? நேத்து அடிச்ச மழையில நாங்க உசிரோட வந்ததே பெருசுங்க!”

“மழை இல்லே. நான் பாத்தது. நல்ல வெயில்.”

“எங்க பாத்தீங்க? நீங்க ஏழாம் நம்பருக்கு வரவே இல்லையே!”

“டிவியில பாத்தது. கம்ப்யூட்டர் சொல்றது பொய் இல்லே. நேத்து முழுநாள் வெயில்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரு மலை முழுக்கப் பெய்த மழையை மறைக்கிறவனை எங்கே போய்ச் சொல்வது! மற்ற பெண்கள் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வீரம்மா கூடையைத் தரையில் வைத்தாள்.

“சரிங்க தொரை, மழை பேயல. அப்ப தண்ணிக்குனு எதுக்கு ரெண்டு ரெண்டு கிலோ வெட்டினீங்க? வெயில்லயா கொழுந்து நனைஞ்சிச்சு? கழிக்கிறப்ப மழை பேயுது, பேர் போடுறப்ப வெயில் அடிக்குதா?”

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னத்துரையின் முகம் சிவந்துவிட்டது. செல்லசாமி பக்கம் திரும்பி, “கணக்கப்பிள்ளை! மழை வந்ததா?” என்று கேட்டார்.

செல்லசாமி முந்திய நாள் அதே மழையில் குடையைப் பிடித்துக்கொண்டு, குடை மடங்கிப்போய், வீரம்மாவின் ரப்பர் சீட்டுக்குள் தலையை நுழைத்து நின்றவன். இப்போது நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினான். “பெருசா ஒண்ணும் இல்லைங்க தொரை... காலம்பற விழுந்த பனி... அந்த ஈரம்...”

“வாயில என்ன ஐயா கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? தெறந்து உள்ளதச் சொல்லுங்க!” என்று கத்தினாள் வீரம்மா.

“போதும்!” என்றார் சின்னத்துரை. “நீ பொய்க்காரி. வேல செய்யாம கள்ளத்தனம் பண்ணி, பெரட்டுல சண்ட போடுறது. உனக்கு முன்ன ரெண்டு லெட்டர் இருக்கு. இது மூணாவது. நாளைக்கு மூணு மணிக்குப் பங்களாவுல விசாரணை.”

எண்பது பேர் முன்னால் பொய்க்காரி. இருபத்தெட்டு வருடம் இந்த மண்ணில் கொழுந்தெடுத்தவளை, நேற்று மலையேறி வந்த பையன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அவன் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதல் இரண்டு எச்சரிக்கைக் கடிதங்களும் இதைவிட அழகு. ஒன்று, காய்ந்த சவுக்குக் கொப்பு ஒன்றை விறகுக்கு எடுத்ததற்காக. மற்றது, மகளைப் பரீட்சைக்கு பஸ் ஏற்றிவிட்டு அரைமணி பிந்தி வந்ததற்காக. மூன்றாவது கடிதம் உறுதியானால், தொழிலாளர் பதிவான செக்ரோலில் இருந்தே பெயர் வெட்டு. பெயர் வெட்டுப்பட்டால் காம்பராவையும் விட வேண்டும். வீரம்மாவின் பேரில் பதிந்த காம்பரா அது. புருசனும் பரீட்சைக்குப் படிக்கிற மகளும் அவளோடு சேர்ந்து தெருவில்தான் நிற்க வேண்டும்.

கொழுந்தைத் தூளாக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்யும் அவள் புருசன் மாயாண்டி அன்று சோற்றில் கைவைக்கவில்லை. கூடவே தோட்டத் தலைவர் கந்தப்பன் வேறு வந்து உட்கார்ந்துகொண்டார். தொழிலாளர் சங்கத்துக்கு மாதாமாதம் சந்தா வாங்குகிற தலைவர். கையில் எழுதிக் கொண்டுவந்த ஒரு கடுதாசி.

“ஒண்ணும் இல்ல வீரம்மா. ‘மழை பேஞ்சிச்சுனு பொய் சொன்னது என் பிழை, மன்னிச்சுக்கிங்க’னு எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போட்டுட்டா லெட்டர கிழிச்சிருவாரு. நான் பேசிட்டேன்.”

“நீங்க பேசினது யாருக்காக தலைவரே? எனக்கா, அவருக்கா?”

“கோவப்படாத புள்ள. ஆத்துல இருந்துக்கிட்டு மொதலையப் பகைக்க முடியுமா? காம்பராவ நெனச்சுப் பாரு.”

மாயாண்டியும் மெல்லச் சொன்னான். “ஒரு கையெழுத்துத்தானே வீரம்மா... மழை என்ன, நம்ம சொந்தக்காரனா?”

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். “நாளைக்கு நம்ம புள்ளைய எவனாச்சும் பொய்க்காரி மகள்னு கூப்பிட்டா, அப்பவும் இந்தக் கையெழுத்தக் காட்டுவீங்களா?”

மாயாண்டி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தான். கந்தப்பன் கடுதாசியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பையில் இருந்தால் எப்போதாவது உதவும் என்ற நினைப்பு அவருக்கு.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு அவளும் கந்தப்பனும் பங்களா வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். விசாரணை என்றால் ஆபீசில் வைப்பார்கள். இவர் பங்களா ஹாலில் வைத்தார். சாட்சி அங்கேதான் இருக்கிறதாம். உள்ளே கணப்பில் கட்டை எரிந்துகொண்டிருந்தது. டிவிக்குக் கீழே அந்தப் பெட்டி, மகளின் கணக்குப் புத்தகத்தைவிடப் பெரிதில்லை. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று வீரம்மாவுக்குத் தோன்றியது.

சின்னத்துரை ஒரு வெள்ளைக் கோலை எடுத்து டிவியை நோக்கி நீட்டினார். திரையில் கட்டம் கட்டமாக வந்தது. கோல் ஆடுகிற பக்கமெல்லாம் திரையில் ஒரு குட்டிக் கை ஆடியது. அவசரத்தில் அவர் வேறு கட்டத்தை அமுக்கிவிட்டார். வெள்ளைத் தரையில் பொம்மைகள் கூட்டமாக நடக்கத் தொடங்கின. உருண்டைத் தலை, குச்சிக் கை. நடுவில் ஒன்றுக்கு மூஞ்சி பாதிக்கு வாய். கண்ணுக்குமேல் கோபமாக வளைந்த புருவம். கீழே இங்கிலீசில் ஒரு பேர்.

“அட, நம்ம வீரம்மா!” என்று வாசித்துவிட்டார் கந்தப்பன். சிரிப்பும் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டார்.

பெரட்டில் ஏசியது போதாதென்று, பங்களாவில் உட்கார்ந்து அவள் மூஞ்சியைப் பொம்மையாகச் செய்து விளையாடியிருக்கிறார்! விசாரணை நடத்துகிறவர் செய்கிற வேலையா இது?

“நாந்தானா அது?” என்றாள் வீரம்மா. “என் மூஞ்சிய எடுக்க என்கிட்ட கேட்டீங்களா தொரை?”

“அது சும்மா... கேம்,” என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் அவசரமாக வேறு கட்டத்துக்குப் போனார். பொம்மைகள் மறைந்தன. நீல நிறத்தில் ஒரு உலக உருண்டை சுழன்று நின்றது. பெரிய மஞ்சள் சூரியன். பக்கத்தில் ஓர் எண். அதற்கும் கீழே வரிசையாக இன்னும் சூரியன்கள். “பார். இன்னைக்கி வெயில். நேத்து வெயில். செவ்வாய்க்கெழம வெயில். நான் எல்லாம் எழுதி வச்சிருக்கு. எங்க மழை?”

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்கு மதி எங்கே போச்சு! கந்தப்பன் பூம்பூம் மாடு மாதிரித் தலையை ஆட்டினார். வீரம்மா சூரியனைப் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்தாள். இங்கிலீசு தெரியாவிட்டாலும், தினமும் தராசு முள்ளைப் பார்க்கிறவளுக்கு எண் தெரியாதா?

“அது என்னங்க தொரை, முப்பத்திரெண்டு?”

“அது சூடு. டிகிரி.”

“எந்த ஊரு சூடு?”

“இங்க உள்ள சூடு! இந்த எடம்!”

வீரம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். ஸ்வெட்டர். காது மூடிய தொப்பி. கணப்பில் நெருப்பு.

“எங்க வீட்டுக்காரரு ஸ்டோர்ல கொழுந்து வாட்டுற மேல்மாடியிலதான் இருக்காரு. அங்க சுவத்துல சூடு பாக்குற கண்ணாடிக் குழாய் மாட்டியிருக்கு. சோறு கொண்டு போறப்பல்லாம் நானும் பாக்குறேன். மெசின் போட்டு அனல்காத்து விட்டாகூட அங்க முப்பதுக்கு ஏறாது. வெளியில பதினெட்டு ஏறினா, இன்னிக்கு என்ன இப்பிடிப் புழுங்குதுனு சொல்லுவாங்க. நீங்க முப்பத்திரெண்டுங்குறீங்க. அப்ப எதுக்கு தொரை தொப்பி? கழட்டுங்க, வேர்க்கும்!”

கந்தப்பனுக்குத் தலையாட்டல் நின்றுவிட்டது. சின்னத்துரை எண்ணைப் பார்த்தார். பிறகு கோலை ஆட்டி உருண்டையைச் சுழற்றிப் பெரிதாக்கினார். கடலோரத்தில் ஒரு புள்ளி, பக்கத்தில் ஒரு பேர். கந்தப்பன் கழுத்தை நீட்டி எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“கொ... கொழும்புனு இல்ல தொரை போட்டிருக்கு?”

விசயம் இவ்வளவுதான். பெட்டியை அவர் முதலில் கொழும்பில், அம்மா வீட்டில் மாட்டியபோது, எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்று அது கேட்டிருக்கிறது. கொழும்பு என்று சொல்லியிருக்கிறார். மலைக்குக் கொண்டுவந்த பிறகு மாற்ற நினைவில்லை. அது பாட்டுக்குக் கொழும்பு வெயிலைக் காட்டிக்கொண்டிருந்தது. இங்கே அதை வைத்து ஏழாம் நம்பர் மலைக்குத் தீர்ப்பு!

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பட்டியலில் தேடினார். ராகலை இல்லை. வலப்பனை இல்லை. நுவரெலியாகூட இல்லை. இலங்கை என்று போட்டால் ஒரே ஒரு ஊர்தான் வந்தது.

“நல்ல பொட்டி!” என்றாள் வீரம்மா. ஒரு காலத்தில் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட தோட்டத்து ஆட்களின் மகள் அவள். “இதுக்கும் நாங்க இந்த நாட்டுல இல்லையா?”

 சின்னத்துரை டிவியை அணைத்தார். மேசையில் இருந்த கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். “சரி. லெட்டர் இல்லே. பன்னெண்டு பேருக்கும் முழுப் பேர் போட சொல்றேன். முடிஞ்சது. போ.”

“கும்பிடு போடு வீரம்மா,” என்று கிசுகிசுத்தார் கந்தப்பன். “தப்பிச்சோம். வா.”

வீரம்மா நகரவில்லை. காம்பரா தப்பியது, சரி. ஆனால் நேற்று எண்பது பேர் காதில் விழுந்த வார்த்தை? அதைக் கிழித்துப் போட எந்தத் தாள் இருக்கிறது?

“என்னைப் பொய்க்காரினு பெரட்டுல வச்சு சொன்னீங்க தொரை. வீட்டுக்குள்ள வச்சு லெட்டரக் கிழிச்சா யாருக்குத் தெரியும்? நாளைக்குப் பெரட்டுல சொல்லுங்க. மழை பேஞ்சிச்சுனு உங்க வாயால சொல்லுங்க.”

“நான் துரை. பெரட்டுல மன்னிப்புக் கேக்கிறதா?” அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “வெளிய போ!”

“போறேன். நேரா பெரிய தொரைகிட்டதான் போறேன். திங்கக்கெழம பெரட்டுல, மூணு சூரியன் வரிசையா வந்திருக்குனு சொல்லி ஒன்பதாம் நம்பர் மலைக்கு ஒரம் போடச் சொன்னீங்களே, அதுவும் இந்தப் பொட்டியப் பாத்துத்தானே? செவ்வாக்கெழம ஏழாம் நம்பருக்குப் போறப்ப நான் பாத்தேன். ராத்திரி மழையில அத்தன ஒரமும் கரைஞ்சு தண்ணிக் கான் வழியா வெள்ளையா ஓடுது. மூட்ட மூட்டயா! பெரிய தொரைகிட்ட என்னானு எழுதிக் குடுத்தீங்க? வெயில்னுதானே?”

ஒன்பதாம் நம்பர் மலையும் முகட்டுக்கு அந்தப் பக்கம்தான். சின்னத்துரை அங்கே போய்ப் பார்க்கவேயில்லை என்பது அவர் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. கந்தப்பனைப் பார்த்தார். சந்தா வாங்கத் தொடங்கிய நாளில் இருந்து முதல்தடவையாக அந்த மனுசன் தொழிலாளி பக்கம் வாய் திறந்தார்.

“ஒடச்சுச் சொன்னா, அவ சொல்றது நெசம்ங்க தொரை.”

வெள்ளிக்கிழமை காலைப் பெரட்டுக்குச் சின்னத்துரை பிந்தி வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், எந்த மலைக்கு எத்தனை பேர் என்று மளமளவென்று வாசித்தார். வாசித்து முடித்ததும் திரும்பி மோட்டார் சைக்கிளை நோக்கி நடந்தார். எண்பது பேரில் ஒருத்தரும் அசையவில்லை. கூடைகள் தரையிலேயே கிடந்தன. வீரம்மா யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. சோலைமலை ஒருத்தன் போதாதா, லயம் லயமாகப் போய்ச் சொல்ல!

சின்னத்துரை நின்றார். திரும்பினார்.

“செவ்வாய்க்கெழம ஏழாம் நம்பர்ல மழை,” என்றார், தொப்பிக்குள் பேசுகிற மாதிரி.

“கேக்கல தொரை!” என்றது பின்வரிசை.

“மழை பேஞ்சது!”

“இந்தப் பக்கம் கேக்கலைங்க!”

“ஏழாம் நம்பர்ல மழை பேஞ்சது! போதுமா?”

எல்லாருடைய கண்ணும் வீரம்மா மேல் இருந்தது. மாயாண்டி ஸ்டோருக்குப் போகாமல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

“அது மழைக்குச் சொன்னது தொரை. எனக்கு?”

அவர் மோட்டார் சைக்கிள் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார். செல்லசாமி நோட்டுப் புத்தகத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். கடைசியில் சின்னத்துரை தொப்பியைக் கழற்றினார்.

“வீரம்மா... பொய் சொல்ல இல்லே.”

வீரம்மா குனிந்து கூடையை எடுத்தாள்.  பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு செல்லசாமி முன்னால் போய் நின்றாள்.

“ஏழாம் நம்பர்ல மழை, வீரம்மா பொய் சொல்லலனு எழுதிக்கிங்க கணக்கப்புள்ள ஐயா. ரெண்டு கிலோ வெட்டினப்ப எழுதின அதே புத்தகத்துல, அதே பேனாவால எழுதிக்கிங்க.”

அவன் எழுதி முடிக்கிறவரை அங்கேயே நின்றாள். பிறகுதான் மலைக்கு ஏறினாள்.